வருடத்துக்குப் பத்து மரம்

முனிர்கா, புது தில்லி
11 மார்ச் 2024

கருப்பசாமி அண்ணனுக்கு,

போனில் நாம் பேசியது போதும். நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். மேல்வீட்டு வைதேஹி இறங்கி வந்து, "ஆன்ட்டி, எல்லாம் ஓகேதானே?" என்று கேட்கும்படி ஆயிற்று. அறுபத்தைந்து வயதில் எனக்கு இது தேவையா? இனி எதுவானாலும் எழுதுங்கள். எழுதும்போது கத்த முடியாது.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1998இல் நீங்களும் என் லூர்துராஜும் சேர்ந்து ஃபதேபூர் பேரிக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் கல்லுக்காட்டை வாங்கினீர்கள். ஒரே பத்திரம், இரண்டு பெயர். வீடு கட்ட வழியில்லை என்று தெரிந்ததும் காடாகவே விட்டுவிட்டோம். நீங்கள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கமுதிக்குப் போனபின் அதைப் பார்த்துக்கொண்டது அவர். ஆடு புகாமல் முள்கம்பி போட்டது அவர். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது நான் பார்க்கிறேன்.

ஜனவரியில் நீங்கள் வந்தீர்கள். மரியாவின் பிரசவத்துக்கு நான் பெங்களூர் போக வேண்டியிருந்தது. கூடப் பிறந்த அண்ணன் போல என்று நம்பி, வீட்டுச் சாவியையும் காட்டு கேட்டின் சாவியையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தால், மேற்குப் பாதி மொட்டை. போனது கீக்கர் மரம் மட்டுமில்லை. அதன் அடியில் அவர் எட்டு வருடம் காவல் காத்த தோக் செடிகளும் போய்விட்டன. ஜே.சி.பி. சக்கரத் தடம்தான் மிச்சம்.

முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் யார் மேலும் கத்தி வைத்து நான் பார்த்ததில்லை.

பாகம் பிரித்துவிடலாம். நடுவில் சுவர் வைக்கப் போகிறேன். இத்துடன் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கிழக்குப் பாதியாவது உங்கள் கைக்கு எட்டாமல் பிழைக்கட்டும்.

பிலோமி


கமுதி
24.3.2024

தங்கச்சி பிலோமிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

பேரன் பிறந்ததற்கு முதலில் வாழ்த்துகள். நீ அதைக்கூடக் கோபத்தின் நடுவே எழுதியிருந்ததால் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

காட்டை அழித்தேன் என்கிறாய். நான் எடுத்தது சீமைக் கருவேலம். டில்லியில் அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர் வைத்துவிட்டால் குணம் மாறிவிடுமா? முப்பது வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு நான் ஊர் வந்தபோது, எங்கள் ஒன்பது ஏக்கருக்குள் நுழையக்கூட வழி இல்லை. நாலு வருடம் தோண்டினேன். பெற்ற பென்ஷன் முழுக்கக் கடப்பாரைக்கும் கூலிக்கும் போயிற்று. இந்தப் பக்கம் ஒருவன் கருவேலம் எடுக்கிறான் என்றால் டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். எடுக்கச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போட்ட மரம் அது. உங்கள் ஊரில் மட்டும் அதற்குப் பரிந்து பேச ஆள் இருக்கிறது.

தோக் என்று ஏதோ சொல்கிறாய். அங்கே நான் பார்த்தது இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து சிவந்து கிடந்த பற்றை. பச்சை என்று ஒரு இலை கிடையாது. அதையா லூர்து எட்டு வருடம் காவல் காத்தான்?

பதினோரு நாளில் நூற்று நாற்பது மரம். "சாப், இத்னி ஜல்தி கியோன்?" என்று ஜே.சி.பி. டிரைவரே கேட்டான். அவசரம்தான். காரணம் இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

சுவர் வைக்காதே பிலோமிம்மா. நானும் அவனும் அந்த இடத்தில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

கருப்பசாமி


முனிர்கா
19 மே 2024

அண்ணனுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. அலைந்துகொண்டிருந்தேன்.

வனத்துறையிலிருந்து என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. இங்கே சொந்த நிலத்தில் நிற்கும் கீக்கரானாலும் அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது. நூற்று நாற்பது மரம் எங்கே என்று கேட்கிறார்கள். மூன்று முறை போய் வந்துவிட்டேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "மேடம்ஜி, யார் வெட்டியது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஊரில் இல்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று வைதேஹியைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலேஜில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறாள். டில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் உங்கள் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காய்ந்து சிவந்த பற்றை என்ற இடம் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஜனவரியில தோக் அப்படித்தான் இருக்கும். இலை எல்லாம் செம்பு கலர் ஆயிடும். அப்புறம் கொட்டிடும். பாக்கறவங்களுக்கு செத்துப்போச்சுன்னுதான் தோணும்."

நீங்கள் ஏப்ரலில் வந்திருந்தால் துளிரைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் செடியைப் பற்றி அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆடு கடித்துக்கொண்டே இருக்கும்வரை அது எழுந்திருக்காது. தரையோடு தரையாகப் பாய் மாதிரி படர்ந்து, எத்தனை வருடமானாலும் உயிரை வைத்துக்கொண்டு கிடக்கும். ஆட்டை நிறுத்தினால் மெல்லத் தலை தூக்கும். முள்கம்பி போட்ட வருடம் அது அவர் முழங்கால்வரைகூட இல்லை. போன மழைக்கு இடுப்புக்கு வந்துவிட்டது. "பிலோமி, இதோட வயசு நம்ம ரெண்டு பேர் வயசையும் கூட்டுனாலும் அதிகம். எந்திரிக்க நேரம் பாத்துட்டு இருக்கு" என்பார். எழுந்த நேரத்தில் நீங்கள் வந்தீர்கள்.

நாற்பத்தாறு டிகிரி வெயில். மேற்குப் பாதியில் நிற்க முடியவில்லை. புரட்டிப் போட்ட மண் காற்றில் பறந்து கண்ணில் விழுகிறது. கிழக்குப் பாதியில் அந்தக் கீக்கர் நிழலில் தோக் பச்சையாக நிற்கிறது. கீக்கர் கெட்ட மரம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாள் குடை பிடித்தது அதுதான்.

காகிதத்தை அனுப்புங்கள்.

பிலோமி


கமுதி
2.6.2024

தங்கச்சிக்கு,

இந்த உறையில் மூன்று காகிதம் இருக்கிறது.

முதலாவது, நீ கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு சாட்சியும் போட்டிருக்கிறார்கள். சுவர் எங்கே வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

இரண்டாவது, வனத்துறைக்கு நான் ஹிந்தியில் எழுதியது. மரங்களை வெட்டியது முன்னாள் சுபேதார் கருப்பசாமி, உரிமையாளர்களில் ஒருவன், பிலோமி அம்மாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை, அவர் ஊரிலேயே இல்லை என்று எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் ரயில் ஏறி வருவேன். நீ என் பெயரைச் சொல்லாமல் மூன்று தடவை அந்த வாசலில் நின்றாய் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு நீ என்னை நேரிலேயே திட்டியிருக்கலாம்.

மூன்றாவது காகிதம் லூர்து எனக்கு எழுதிய கடைசிக் கடிதம். உன்னிடம் காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். 2021 நவம்பர் தேதி இருக்கும், பார். கை நடுங்கி எழுதியிருக்கிறான். நீ கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும் என்பதால் முக்கியமான இடத்தை நானே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"கருப்பா, கீக்கரை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரேயடியாக வேண்டாம். வருடத்துக்குப் பத்து. மழைக்கு முன்பாக, ஓரத்திலிருந்து உள்ளே. அடியில் இருப்பவற்றுக்குத் திடீரென்று வெயில் படக் கூடாது. பிலோமியிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நிழலில் நாற்காலி போட்டு உட்கார்வது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். நான் போனபிறகு நீ வந்து செய்."

நான் அவனுக்குச் சரி என்று எழுதினேன். ஜனவரியில் வந்து என் பாதி மரத்தை எண்ணினேன். நூற்று நாற்பது. வருடத்துக்குப் பத்து என்றால் பதினான்கு வருடம். எனக்கு எழுபத்தொன்று. உன் பாதியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தேன். அவனுக்குக் கொடுத்த வாக்கை முடிக்காமல் போய்விடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஜே.சி.பி.க்குச் சொன்னேன்.

அடியில் இருப்பவை என்று அவன் எழுதியதைப் பச்சையாக ஏதாவது இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். பச்சையாக ஒன்றும் இல்லை. சரி, எல்லாம் செத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். உன்னை ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். குழந்தை பிறந்த வீட்டில் தொந்தரவு எதற்கு என்று இருந்துவிட்டேன். அது பொய். கேட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்றுதான் கேட்கவில்லை.

தப்பு என்னுடையது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கருப்பசாமி


முனிர்கா
1 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. லூர்துராஜின் கையெழுத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் மேல் வந்த கோபத்தில் உங்கள் மேல் இருந்த கோபம் எனக்கு மறந்தே போயிற்று. முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த என்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம், இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உங்களிடம் சொல்வாராம்.

அந்த நிழல் எனக்குப் பிடித்ததா? டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அவரால் அந்த ஒரு இடத்துக்குத்தான் நடக்க முடிந்தது. அவர் அங்கே உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பிடிக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நானே அரிவாளை எடுத்திருப்பேன். இதை எழுதும்போது அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது. கல்லறைக்குப் போய் அவரிடம் நேரிலேயே சண்டை போட்டுவிட்டு வந்தேன். பூவும் வைத்தேன்.

இனி காட்டுக்கு வருகிறேன்.

நோட்டீஸ் விவகாரம் முடிந்தது. உங்கள் ஹிந்திக் கடிதத்தைப் படித்த அதிகாரி, "ஃபௌஜி ஆத்மி ஹை, பட்டாளத்து ஆளாச்சே" என்று சொல்லிச் சிரித்தார். வெட்டியதற்கு ஈடாகக் கன்று நட வேண்டும் என்று உத்தரவு. எந்தக் கன்று என்பதை வைதேஹி எழுதிக் கொடுத்தாள். மழையில் நட்டாயிற்று.

மழை பெய்த மூன்றாம் வாரம் மேற்குப் பாதியில் தரையே தெரியவில்லை. பச்சைப் பசேல் என்று நாற்று. சந்தோஷப்பட்டுக் குனிந்து பார்த்தால் அத்தனையும் கீக்கர். ஒன்றை எடுத்த இடத்தில் ஆயிரம். உங்கள் பதினோரு நாள் உழைப்பை ஒரே மழையில் திருப்பித் தந்துவிட்டது.

சுவருக்கும் ஆள் வந்தான். கயிறு பிடித்து, அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டான். கோட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தபோதுதான், ஒரு இடத்தில் நாலைந்து குச்சி விரல் நீளத்துக்கு நிற்பதைப் பார்த்தேன். எதிரெதிராகச் சின்ன இலை. வைதேஹிக்குப் படம் அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன் பண்ணிக் கத்தினாள். தோக்! ஜே.சி.பி. பிய்த்துப் போட்ட வேரின் மிச்சத்திலிருந்து வந்திருக்கிறது. அன்று சாயங்காலம்வரை மண்டியிட்டுத் தேடினேன். உங்கள் பாதியில் இருபத்து மூன்று இடத்தில் இருக்கிறது அண்ணே. இருபத்து மூன்று.

"மேடம்ஜி, நாளைக்குத் தோண்ட ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டான் அந்த ஆள். வேண்டாம் பையா, அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். கிழக்கு ஓரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு கீக்கரை அனுமதியோடுதான் எடுத்தேன். எங்கள் தெருக் காவல்காரன் தரை மட்டத்தில் அறுத்தான். ஒரு மாதத்தில் பத்துக் கொம்பு விட்டு முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. இதை எப்படிக் கொல்வது? வைதேஹிக்குப் பெயர் தெரிகிறது, வெட்டத் தெரியவில்லை.

பிலோமி


கமுதி
12.9.2024

பிலோமிம்மா,

இருபத்து மூன்று என்பதை நான்கு தடவை படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். தரை மட்டத்தில் அறுத்தால் அது பிழைத்துக்கொள்ளும். தூரைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணைத் தள்ளு. அங்கே தண்டு முடிந்து வேர் தொடங்கும் கழுத்து தெரியும். அதற்குக் கீழே அறுத்து மண்ணை மூடிவிடு. அவ்வளவுதான், மறுபடி துளிர்க்காது. முழு வேரையும் தோண்டக் கூடாது. தோண்டினால் அடிமண் மேலே வந்து, பல வருடமாகப் புதைந்து கிடக்கிற விதை எல்லாம் முளைத்துவிடும்.

இது ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். நாலு வருடம் கடப்பாரை பிடித்துக் கற்றுக்கொண்டது. ஒரு மரத்துக்கு அரை நாள் ஆகும். என்னிடம் நாள் இல்லை என்று நினைத்து மெஷினைக் கூப்பிட்டேன்.

நாற்றை மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கு. இப்போது இரண்டு விரல் போதும். தீபாவளிக்குப் பிறகு என்றால் மண்வெட்டி வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதே, அந்த இருபத்து மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டை நிழலுக்கு விட்டுவை. கருவேலத்தை விட்டுவை என்று நான் எழுதுவதை எங்கள் ஊர்க்காரர் எவரும் பார்த்துவிடக் கூடாது.

தூர் வெட்டுவதை நேரில் காட்டினால் இன்னும் சுலபம். வருகிறேன் என்று நானாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கருப்பசாமி


முனிர்கா
4 ஜூன் 2025

கருப்பசாமி அண்ணனுக்கு,

குளிர்காலம் முழுவதும் மூட்டுவலி, அதனால் எழுதவில்லை. நாற்றுப் பிடுங்கியே வந்த வலி. நானும் வைதேஹியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிடுங்கினோம். சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் காட்டுக்குப் போய்விடுவேன். சேலையில் மண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்து பக்கத்து வீட்டு அம்மா, "சிஸ்டர்ஜி, விவசாயம் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்கிறார்.

இருபத்து மூன்றில் பத்தொன்பது இருக்கிறது. இரண்டை முயல் கடித்தது. ஒன்று காய்ந்தது. ஒன்றை நானே கீக்கர் என்று பிடுங்கிவிட்டேன். கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் உங்கள் மேல் மிச்சமிருந்த கோபமும் போயிற்று.

பாகப் பிரிவினைக் காகிதத்தை நான் ரிஜிஸ்டர் பண்ணவில்லை. லூர்துராஜின் கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். சுவர் வராது. சுண்ணாம்புக் கோட்டை மழை கொண்டுபோய்விட்டது.

பிப்ரவரியில் வனத்துறைக்கு மனு கொடுத்தேன். இந்த வருடம் பத்து மரம், அடுத்த வருடம் பத்து என்று எழுதினேன். அதே அதிகாரி. "பத்துதானா மேடம்ஜி?" என்று கேட்டார். பத்துதான் என்றேன். அனுமதி ஜூன் கடைசிவரை இருக்கிறது. நீங்கள் எழுதியபடியே ஒரு சாண் தோண்டி, கழுத்துக்குக் கீழே அறுத்து, மண் மூடுகிறோம். ஓரத்திலிருந்து உள்ளே.

கிழக்குப் பாதியில் நூற்று அறுபது நிற்கிறது. பதினாறு வருடம். அப்போது எனக்கு எண்பத்திரண்டு, உங்களுக்கு எண்பத்தெட்டு. இதைப் படித்ததும் நீங்கள் விரல் விட்டு எண்ணுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணாதீர்கள். நம்மால் முடிந்ததைச் செய்வோம், மீதியை வைதேஹி செய்வாள், இல்லை இப்போது நடை பழகிக்கொண்டிருக்கிற என் பேரன் செய்வான். நாற்காலி போட்ட அந்தப் பெரிய கீக்கரைப் பட்டியலில் கடைசியாக எழுதியிருக்கிறேன். அதை வெட்டும்போது நாம் யாரும் இருக்க வேண்டியதில்லை.

இதுவரை ஒன்பது முடிந்தது. பத்தாவது மேற்கு ஓரத்தில் நிற்கிறது. ஜே.சி.பி.க்குத் தப்பிய ஒன்றே ஒன்று, பாறைக்குப் பின்னால் இருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை. அதை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

மழைக்கு முன்பு வந்துவிடுங்கள். கடப்பாரை இங்கே இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறாதீர்கள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். காட்டுச் சாவியை அங்கேயே உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி
பிலோமி